வளர்பிறையில் ஊசி, தேய்பிறையில் உரிப்பு

என் மூஞ்சியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிக்கொள்வது மரியாதை. இரண்டு புருவத்துக்கும் நடுவில் செங்குத்தாக இரண்டு பள்ளம். அதில் ஒரு ரூபாய்க் காசைச் செருகினால் நிற்கும் என்பாள் என் மனைவி கஸ்தூரி. நான் அசந்து தூங்கிய ஒரு மத்தியானம் செருகியும் பார்த்திருக்கிறாள். நின்றதாம்.

பாளையம்பட்டியில் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு விற்கிற கடை எனக்கு. இருபத்தைந்து வருஷமாகக் கடை வாசலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து, லோடு கொண்டுவராத லாரி டிரைவர்களைப் போனில் கத்திக் கத்தியே அந்தப் பள்ளம் விழுந்தது. கன்னம் இரண்டும் வெயிலில் திட்டுத் திட்டாகக் கறுத்து, நான் விற்கிற எள்ளுப் புண்ணாக்குக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. சந்தோஷமாக இருக்கும்போதுகூட யாரையோ அடிக்கக் கிளம்பினவன் மாதிரிதான் இருப்பேன். கல்யாணத்தன்றே அப்படித்தான் இருந்தேன். மாப்பிள்ளைக்குச் சீர் பத்தவில்லையோ என்று கஸ்தூரி வீட்டார் இரண்டு நாள் பயந்து கிடந்தார்கள்.

அதுவும் ஒரு மூஞ்சி என்று நாற்பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். மாட்டுக்குத் தீவனம் வாங்க வருகிறவர்கள் என் அழகைப் பார்த்தா வருகிறார்கள்? வினை வந்தது என் தங்கச்சி மகள் துர்காவால்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குக் கூடப்பிறந்த உறவு என்று இருப்பது தங்கச்செல்வி ஒருத்திதான். பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சிக்கும் எட்டு வருஷம் கழித்துத்தான் துர்கா பிறந்தாள். இப்போது மூன்று வயது. அவள் எல்லோரிடமும் போவாள். பால்காரரிடம் போவாள், சிலிண்டர் போட வருகிறவரிடம் போவாள், வீட்டுக்கு வந்த பாம்பு பிடிக்கிற ஆளிடம்கூடப் போய் நின்றாளாம். என்னைக் கண்டால் மட்டும் அலறுவாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றி, “எங்கடி என் மருமக!” என்று ஆசையாக ஒரு குரல் கொடுத்தால் போதும், அடுப்படிக்குள் ஓடி அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்வாள்.

முதல் மொட்டையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அது என் உரிமை. ஒரு வயதுப் பிள்ளையை மடியில் வாங்கினேன், வாங்கினதும் வில்லாக வளைந்து, மூச்சே நின்றுபோகிற மாதிரி கத்தினாள். என் சித்தப்பா மகன் நாகராஜ் பக்கத்தில் நின்றான். அவனுக்குப் பிறவியிலேயே சிரித்த முகம். “இங்கிட்டுக் குடுண்ணே” என்று வாங்கினான். சனியன், அவன் மடியில் சொகமாக உட்கார்ந்துகொண்டாள். போட்டோ ஆல்பம் முழுக்க அவன்தான். நானும் இருக்கிறேன், பின்னால், கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு இந்தக் காதுகுத்துதான் எனக்கு மிச்சம். இதையும் விட்டால் அந்தப் பிள்ளையை மடியில் வைக்க எனக்கு வேறு முறை கிடையாது.

தங்கச்சி போன் போட்டாள். “அண்ணே, துர்காவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். நம்ம அய்யனார் கோயில்ல. அடுத்த மாசம் தேய்பிறை தசமி, புதன்கிழமை.”

“சந்தோசம்த்தா. சீரெல்லாம் அசத்திருவோம்.”

“அண்ணே...” என்று இழுத்தாள். “எங்க மாமியா சொல்றாக, பிள்ளை துள்ளுனா தோடு கோணலாப் போயிருமாம். உன்கிட்ட இருந்தா உன் மடி. இல்லைன்னா நாகராஜ் அண்ணே மடியில...”

“நான் ஒருத்தன் உசுரோடதானடி இருக்கேன்!” என்று கத்தினேன். கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தவிட்டை அப்படியே போட்டுவிட்டார். போனில் அந்தப் பக்கம் துர்கா வீறிட்டு அழுவது கேட்டது. நான் கூப்பிட்டாலும் தங்கச்சி கூப்பிட்டாலும் அவள் போனில் என் போட்டோதான் பெரிதாக வரும். பாவம், அதைப் பார்த்துத்தான் பிள்ளை பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

அந்த வாரம்தான் மதுரையில் தீவனக் கடைக்காரர்கள் கூட்டம். சாத்தூர்க்காரர் ஒருவர், அறுபது வயது, நெற்றி இஸ்திரி போட்டது போல் இருந்தது. சாப்பாட்டு வரிசையில் காதோடு கேட்டேன். போடாக்ஸ் என்றார். நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசியாம். கறுப்புத் திட்டுக்கு பீல் என்று ஒன்று, மருந்து தடவி மேல்தோலை உரிப்பது. டாக்டர் அம்மா விலாசமும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, லோடு பார்க்கப் போகிறேன் என்று கஸ்தூரியிடம் சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என் நெற்றியைப் பார்த்ததும் அவருக்கு ஒரு உற்சாகம் வந்ததை நான் கவனித்தேன்.

“சார், விசேஷத்துக்கு இன்னும் இருபத்திநாலு நாள் இருக்கு. இன்னைக்கு லேசா ஒரு பீல் போட்டுடலாம். மூணாம் நாள்ல இருந்து ஒரு வாரம் தோல் உரியும். ரெண்டு வாரத்துல நல்லா ஆறிடும். அதுக்கப்புறம் ஊசி. ஊசி வேலை செய்றதுக்குப் பத்து நாள், ரெண்டு வாரம் வேணும். கணக்கா இருக்கு.”

“மொதல்ல ஊசி, அப்புறம் உரிக்கிறதுன்னு மாத்திக்கிட்டா?”

“வேண்டாம் சார். ஊசி போட்ட இடத்தைத் தேய்ச்சு அழுத்தினா மருந்து பக்கத்துக்கு நகர்ந்துடும். கண் இமை தொங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விடணும்.”

நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். பிறகு வெளியே வந்து, சட்டைப் பையில் இருந்த குட்டிக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். இங்கேதான் நான் யார் என்பது தெரியும். காலண்டரைப் பார்க்காமல் நான் கடைக்குப் புது தராசுகூட வாங்கினதில்லை. அன்று வளர்பிறைப் பிரதமை. பிரதமையில் எவனாவது நல்ல காரியம் தொடங்குவானா? அதுவும் வளர்பிறையில் எதைத் தொட்டாலும் அது வளரும். வளர்பிறையில் கறுப்பை உரித்தால் கறுப்பு இரண்டு பங்காக வளர்ந்து வராதா? உரிக்கிறது, கழிக்கிறது எல்லாம் தேய்பிறையில்தான். மருந்தை உள்ளே ஏற்றுவது வளர்பிறையில். விரலை விட்டு எண்ணினேன். அடுத்த பதினைந்தாம் நாள், ஞாயிறு, பௌர்ணமி. அன்றைக்கு ஊசி. மறுநாள் தேய்பிறை பிறந்ததும் உரிப்பு. எம்பிபிஎஸ் படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன். உண்மையாகவே பரிதாபப்பட்டேன்.

உள்ளே போய், அவசர லோடு என்று பொய் சொல்லி, பீலைத் தள்ளிப்போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பௌர்ணமியன்று போய் ஊசி மட்டும் போட்டுக்கொண்டேன். “இனிமே பீல் வேண்டாம். விசேஷம் முடிஞ்சு பார்த்துக்கலாம். ரெண்டு வாரத்துக்கு முகத்தைத் தேய்க்காதீங்க” என்று டாக்டர் ஒரு தாளில் அச்சடித்தே கொடுத்தார். அதை மடித்துக் காலண்டருக்குள் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நாலரைக்குப் பிரதமை முடிந்து துவிதியை வந்தது. ஐந்து மணிக்கு நான் அருப்புக்கோட்டையில் அய்யப்பன் சலூன் நாற்காலியில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை சலூன் பூட்டு, அதனால் அன்றே முடிக்க வேண்டும். அய்யப்பன் எனக்கு இருபது வருஷமாக முடி வெட்டுகிறவன். போன வருஷம் கடைக்கு ஏசி போட்டு, ஃபேஷியல் கட்டில் வாங்கிப் போட்டதில் இருந்து அவனுக்கு எல்லாம் தெரியும்.

“பீலு தானே அண்ணாச்சி? ஆன்லைன்ல வாங்கி வச்சிருக்கேன். இதுவரைக்கும் யாருக்கும் போடல. நீங்கதான் மொத போணி.”

“லேசா போதும்லே.”

“லேசாப் போட்டா நம்ம கறுப்புக்கு எந்த மூலைக்கு அண்ணாச்சி?”

தடவினான். எரிந்தது. அடுப்பில் மூஞ்சியை வைத்த மாதிரி எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றான். அழகுக்காக ஆம்பளை இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே பல்லைக் கடித்துப் படுத்திருந்தேன். கழுவித் துடைத்த பிறகு அவன் சும்மா விட்டிருக்கலாம். ஆனால் அவன் கடையில் ஃபேஷியல் என்றால் மசாஜும் சேர்த்தி. கட்டை விரல் இரண்டையும் என் புருவத்துக்கு நடுவில் வைத்து, சப்பாத்தி மாவு பிசைகிறவன் மாதிரி நெற்றியை மேலும் கீழும் அமுக்கி, கடைசியில் தலையில் தடதடவென்று தட்டி, கழுத்தைச் சொடக்கென்று திருப்பிவிட்டான். டாக்டர் கொடுத்த தாள் அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக, சொகமாக இருந்தது.

மூன்றாம் நாள் மூஞ்சி இறுகிக் காய்ந்தது. ஐந்தாம் நாள் உரிய ஆரம்பித்தது. லேசாகவா? வெள்ளையடித்த பழைய சுவர் மழைக்குப் பிறகு பொரிந்து நிற்குமே, அப்படி. உள்ளே செக்கச் செவேலென்று புண். தவிடு வாங்க வந்த ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, “அக்கி கண்டிருக்கு அண்ணாச்சி, போய் அக்கி எழுதிக்கிடுங்க” என்றார். ஏழாம் நாள் காலையில் கண்ணாடி பார்த்தேன். நெற்றிப் பள்ளத்தைக் காணோம். அட, ஊசி வேலை செய்துவிட்டது என்று குதிக்கப் போனவன், வலது கண்ணைப் பார்த்தேன். இமை பாதிக்கு இறங்கி, கடைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கிற மாதிரி நின்றது. தூக்கிப் பார்த்தேன். தூக்க வரவில்லை.

கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திட்டினாள். பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, “அந்தப் பிள்ளை உங்க மடியில உக்காரணும்னு இவ்வளவு ஆசையாங்க?” என்றாள்.

அவளே டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நான் வாங்க வேண்டிய திட்டை முழுசாக வாங்கவைத்தாள். இமை சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடுமாம், கண்ணுக்குச் சொட்டு மருந்து. மூஞ்சிக்குக் களிம்பு, வெயில் படக் கூடாது, உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது. உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்திருந்ததால் வாயை அகலத் திறந்தால் ரத்தம் கசிந்தது. கத்தவே முடியவில்லை. லாரி டிரைவரிடம் போனில், “தம்பி, லோடு எப்ப வரும்ப்பா?” என்று முனகினேன். அவன் பதறிப்போய், சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றான். எனக்கு ஏதோ ஆகிப்போச்சு என்று நினைத்திருக்கிறான்.

புதன்கிழமை வந்தது. திருச்சுழி தாண்டி, கண்மாய்க் கரையில் எங்கள் அய்யனார் கோயில். வேன் நின்ற இடத்திலேயே பிளக்ஸ். தாய்மாமன்கள் என்று என் பழைய போட்டோவும் நாகராஜ் போட்டோவும் ஒரே அளவில். என்னையும் பிளக்ஸையும் மாறி மாறிப் பார்த்தவர்கள் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அதுவே கேவலமாக இருந்தது. சீர்த்தட்டுகளைத் தூக்கி வந்து இறக்கியதும், தலையில் துண்டைப் போட்டு மூஞ்சியை மறைத்துக்கொண்டு, கிடாய் கட்டியிருந்த வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். எப்படியும் அங்கேதான் நிற்கப் போகிறேன், முதலிலேயே போய்விட்டால் என்ன? அந்தப் பிள்ளை இந்த மூஞ்சியைப் பார்த்தால் ஜென்மத்துக்கும் என் பக்கம் வராது. நாகராஜைக் கூப்பிட்டு, “நீயே உக்காருலே” என்று சொல்லித் தங்கச்சியிடம் அனுப்பிவிட்டேன்.

முதலில் மொட்டை. நாகராஜ் மடியில்தான் எடுத்தார்கள். கத்தி எங்கேயோ லேசாகக் கீறிவிட்டது. அவ்வளவுதான், துர்கா ஊரைக் கூட்டினாள். சந்தனத்தை அள்ளித் தலையில் பூசினார்கள். அழுகை நிற்கவில்லை. ஆசாரி கம்பியும் தோடுமாகப் பலகையில் காத்திருந்தார். “ஏ துர்கா, இங்க பாரு!” என்று ஒருத்தி கத்த, கிலுகிலுப்பையை ஒருத்தர் ஆட்ட, மேளக்காரர் தன் பங்குக்கு அடிக்க, நாகராஜ் சிரிப்பை இன்னும் அகலமாக்கிச் சத்தம் போட்டுக் கொஞ்ச, அவள் அவனையும் உதைத்தாள். தங்கச்சி வாங்கி இடுப்பில் வைத்தாள். துர்கா அங்கிருந்தும் வழுக்கி இறங்கி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடினாள். ஆடு பார்க்க ஓடி வந்தவள், ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மேலேயே வந்து மோதினாள்.

துண்டு விழுந்துவிட்டது. நான் அசையவில்லை. அவளும் அசையவில்லை. கறுத்த மொட்டைத் தலை முழுக்க மஞ்சளாகச் சந்தனம், கன்னத்தில் கண்ணீர்.

“மாமா, உரியுது” என்றாள்.

வாயைத் திறக்காமல், “ஆமாத்தா” என்று மெதுவாகச் சொன்னேன்.

“வலிக்குதா?”

“கொஞ்சூண்டு.”

அவள் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். “எனக்கும்.”

பிறகு என்ன தோன்றியதோ, தன் தலையில் இருந்த சந்தனத்தை ஒரு கை வழித்து, என் கன்னத்தில் அப்பித் தேய்த்தாள். ஐயோ அய்யனாரே! பச்சைப் புண்ணில் அது எரிந்த எரிச்சலை எப்படிச் சொல்வேன்? உயிர் போய்விட்டு வந்தது. ஆனால் மூஞ்சி சுளிக்கவில்லை. சுளிக்க முடியாதே, ஊசி போட்டிருக்கிறதே! நெற்றி அது பாட்டுக்குக் குளம் மாதிரி அமைதியாக இருந்தது. அத்தனை கூத்திலும் அந்த ஊசி எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். அவள் அடுத்த கன்னத்துக்கும் பூசினாள்.

“போதும்த்தா. தோடு போடுவமா?” என்று கேட்டேன்.

“நீயும் வாரியா?”

“வாரேன்.”

அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். மேளம் நின்றது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். துள்ளினாள், அழுதாள், ஆனால் வளைந்து ஓடவில்லை. என் சட்டைக்குள்தான் மூஞ்சியைப் புதைத்தாள். அடுத்த காது குத்தும்போது என் பாதி இறங்கின கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு மருந்து என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது தங்கச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துர்கா என் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். எல்லாவற்றையும் தங்கச்சிக்குச் சொன்னேன், பௌர்ணமி, பிரதமை, அய்யப்பன் எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, அவ உன் மூஞ்சியைப் பாத்து எப்பவும் அழுததில்ல” என்றாள். “உன் படத்தைக் காட்டித்தான் சோறே ஊட்டுவேன், மாமா மாமான்னு வாங்கிக்கிருவா. உன் சத்தத்துக்குத்தான் அழுவா.”

தூங்குகிற துர்காவின் மேல் என் துண்டைப் போர்த்தினேன்.

“நானும் சின்னப்பிள்ளையில அப்படித்தான். நீ வீட்டுக்குள்ள வார சத்தம் கேட்டா, நெல்லுக் குலுக்கைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிருவேன். நீ நல்லதுக்குத்தான் வருவ, மிட்டாய்தான் வாங்கிட்டு வருவ. ஆனாலும் ஒளிஞ்சுக்கிருவேன்.”

அது எனக்குத் தெரியாது. கூடவே வளர்ந்தவள், முப்பத்தெட்டு வயதாகிறது அவளுக்கு, இன்றைக்குத்தான் சொல்கிறாள்.

“இதை ஏன்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“சொல்ல வந்தப்பெல்லாம் நீ கத்திக்கிட்டுல்ல இருந்த” என்றாள்.

என் போன் அடித்தது. லாரி டிரைவர். குடோன் சாவி இல்லாமல் வெயிலில் நிற்கிறானாம், இன்று கடை பூட்டு என்று நேற்றே சொன்னதை மறந்துவிட்டு. பழக்க தோஷம், நெஞ்சுக்குள் இருந்து சத்தம் கிளம்பி உதடு வரைக்கும் வந்துவிட்டது. துர்கா மடியில் புரண்டு, புதுத் தோடு போட்ட காதை என் கையில் வைத்துக்கொண்டு திரும்பவும் தூங்கினாள். நான் வாயை மூடிக்கொண்டு, எதிரே இலை எடுத்துக்கொண்டிருந்த நாகராஜைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன்.

“ஏலே, இந்தா போனு” என்று கிசுகிசுத்தேன். “கண்மாய்க் கரைக்கு அங்கிட்டுப் போயி, எனக்குப் பதிலா நீ நல்லாக் கத்திட்டு வா.”